பதினாறு மில்லிக்கு ஒரு காலிப்பர்

மார்ச் 3, செவ்வாய்

பழைய காலிப்பர் இன்று போய்ச் சேர்ந்தது. உபயம்: சின்னவள். லேத் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, திரும்பும்போது முழங்கையால் தட்டிவிட்டாள். சிமென்ட் தரையில் வாய் குப்புற விழுந்து தாடை நுனி சில்லாகப் பெயர்ந்துவிட்டது. "கொஞ்சம்தான்க்கா போயிருக்கு" என்கிறாள். அளக்கிற சாமானில் கொஞ்சம் போனால் என்ன, முழுசாகப் போனால் என்ன?

ஊரில் மற்றவர்களுக்கு ஓரகத்தி மாடியில் இருப்பாள். பிடிக்கவில்லையென்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எனக்கு வாய்த்த இந்தச் சின்னவள் மாடியிலும் இருக்கிறாள், கீழே பட்டறையிலும் இருக்கிறாள். கொழுந்தன் வேன் நிறுத்தக் கட்டிய கொட்டகை இது. அவன் வேனை விற்றான். நாங்கள் இரண்டு பேரும் மரத்தைக் கொண்டுவந்து இறக்கினோம். ஐந்து வருஷமாகிறது. அறுப்பது, துளை போடுவது, பசை வைத்துப் பொருத்துவது நான். லேத்தில் கடைவது அவள்.

இப்போது கையில் இருப்பது நூலக வேலை. குழந்தைகள் படிக்கிற அறைக்கு இருபது முக்காலி. முக்காலி என்று பெயர், கால் நாலு. ஒவ்வொன்றுக்கும் நாலு குறுக்குக்கட்டை, ஆக எண்பது. காலில் பதினாறு மில்லி துளை. அதில் குறுக்குக்கட்டையின் பதினாறு மில்லி முனை இறுக்கமாகப் போய் உட்கார வேண்டும். தளர்ந்தால் ஆடும், பெருத்தால் கால் பிளக்கும். காலிப்பர் இல்லாமல் இதை எப்படிச் செய்வதாம்?

இன்னொன்று. ஃபர்னிச்சர் ஃபாக்டரியில் சின்னவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். லேத் வேலைக்கு, மாதச் சம்பளம். "நூலக வேலை முடியட்டும்கா, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். யோசிக்கட்டுமே. யார் அவள் காலில் விழுந்தார்கள்?

(லேத் முன்னால் நான் நின்றால் மரம்தான் என்னைக் கடையும். அது வேறு விஷயம்.)

மார்ச் 4, புதன்

காலையில் ஒரு மணி நேரம் போனில் காலிப்பர் வீடியோ பார்த்தேன். ஒவ்வொருத்தனும் தாடியைத் தடவிக்கொண்டு "நண்பர்களே" என்று ஆரம்பிக்கிறான். ஒருவன் ஐந்து காலிப்பரை வரிசையாக வைத்து, ஒரே ஆணியை ஐந்திலும் அளந்து, ஐந்தும் அருமை என்று முடித்தான். இதற்கு இருபத்திரண்டு நிமிஷம். அவன் பின்னால் இருந்த பெஞ்சில் ஒரு துளி மரத்தூள் இல்லை. பட்டறையா, பல் டாக்டர் அறையா? மரத்தைத் தொட்டே பார்க்காதவன் மரவேலைக்கு எது நல்லது என்று சொல்ல வந்துவிட்டான்.

கீழே கருத்து எழுதியிருக்கிறவர்கள் அவனுக்கு மேலே. "வாங்கினேன், பெட்டி அழகாக இருக்கிறது, ஐந்து நட்சத்திரம்." பெட்டியை வைத்து அளந்துகொள்ளட்டும்.

மார்ச் 5, வியாழன்

மூன்று கடை ஏறி இறங்கினேன்.

முதல் கடையில் பிளாஸ்டிக் காலிப்பர். இரண்டு பாக்கெட் பிஸ்கட் விலை. அழுத்தினால் வளைகிறது, அழுத்தும் ஆளுக்கு வேண்டிய அளவைக் காட்டுகிறது. இவ்வளவு மரியாதை தெரிந்த சாமான் எனக்கு வேண்டாம்.

இரண்டாவது கடையில் டிஜிட்டல். எண் பளிச்சென்று எரிகிறது. மூடினேன், 0.00. திறந்து மூடினேன், 0.04. மறுபடி, 0.02. ஒரே வாய், மூன்று பேச்சு. "பேட்டரி புதுசு இல்லீங்க" என்றான் விற்கிற பையன். பேட்டரி இறங்கினால் எண் மங்க வேண்டும், மாறக் கூடாது என்று சொன்னேன். அவன் வேறு யாரோ வந்ததுபோல அந்தப் பக்கம் பார்த்தான்.

மூன்றாவது, நாங்கள் வழக்கமாக ஆணி, உப்புத்தாள் வாங்குகிற இரும்புக்கடை. அங்கே ஒரு வெளிநாட்டுச் சரக்கு இருந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்தது, இதுதான் காலிப்பர். விலையைக் கேட்டேன். ஒரு மாத வாடகை. மெதுவாக, அடிபடாமல், திருப்பி வைத்தேன்.

மிச்சம் இருந்த பத்துப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக மூடி, வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தாடை சரியாகச் சேர்ந்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. ஒன்றில் கீற்றாகத் தெரிந்தது. ஒன்றில் தெருவே தெரிந்தது. கடைக்காரர் கல்லாவில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து, "பொண்ணு பார்க்கக்கூட இவ்ளோ நேரம் ஆகாதும்மா" என்றார். பொண்ணு தப்பாக அமைந்தால் பேசிச் சமாளிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

சின்னவளுக்குக் காலிப்பரே வேண்டாமாம். ஒரு துண்டுக் கட்டையில் நான் துளை போடுகிற அதே பிட்டால் ஒரு ஓட்டை போட்டு வைத்திருக்கிறாள். கடைந்த முனையை அதில் நுழைத்துப் பார்க்கிறாள். "இறுக்கமா போனா சரிக்கா. எத்தனை மில்லின்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்? மரம்தானே."

மரம்தானே. இந்த ஒரு சொல்லுக்காகவே இவளை ஃபாக்டரிக்கு அனுப்பலாம். ஓட்டைக் கட்டையை வைத்துப் பார்ப்பது குழந்தை விளையாட்டு. வட்டத்தை வட்டத்தில் போடு, சதுரத்தைச் சதுரத்தில் போடு.

மார்ச் 7, சனி

வாங்கிவிட்டேன். இரும்புக்கடையில்தான். டயல் காலிப்பர்: சின்னக் கடிகாரம்போல முகம், ஒரு ஊசி. பேட்டரி கிடையாது, மங்காது. ஒரு நல்ல செருப்பு விலை. வெளிச்சத்தில் பிடித்தேன், ஒரு நூல்கூடத் தெரியவில்லை. டயலைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. ஊசி பூஜ்யத்தை விட்டுத் தள்ளி நின்றால் வளையத்தைத் திருப்பிப் பூஜ்யத்தை ஊசிக்கு நேராகக் கொண்டுவரலாம். கடைக்காரர் திருப்பிக் காட்டினார். எனக்குத் தெரியாததுபோல.

வீட்டுக்கு வந்து இவரிடம் காட்டினேன். இவருக்கு பஸ் டிப்போவில் வேலை. வீட்டில் பேசுவதற்குச் சம்பளம் இல்லை என்பதால் அதிகம் பேசமாட்டார். வாங்கித் தன் கட்டைவிரலை அளந்து பார்த்தார். "பரவாயில்லை" என்றார். விரலைச் சொன்னாரா, காலிப்பரைச் சொன்னாரா தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மூடும்போதெல்லாம் ஊசி பூஜ்யத்தில் வந்து நிற்கிறது. இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன்.

மார்ச் 11, புதன்

மாதிரிக்கு ஒரு முக்காலி பொருத்தினோம். முனை எல்லாம் பதினாறு. கையால் அழுத்தினேன், கடைசியில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, உட்கார்ந்துவிட்டது. நூலகத்து அம்மா வந்து, கைப்பையை மடியில் வைத்து அதில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்து, சரி என்றார். இருபத்தேழாம் தேதி கொடுக்க வேண்டும்.

கையெல்லாம் பசை. கதவுப்பிடியில் பசை, தண்ணீர்ப் பாட்டிலில் பசை, தலைமுடியில்கூட. சின்னவள் துணியை நனைத்துக் கொடுத்தாள். இன்று சண்டை இல்லை. எழுதி வைக்க வேண்டிய நாள்.

மார்ச் 13, வெள்ளி

காலிப்பரை மூடினால் ஊசி பூஜ்யத்தைத் தாண்டி நிற்கிறது. எத்தனை நாள் ஆயிற்று வாங்கி? ஆறு. விலைக்கேற்ற புத்தி. செய்தவனுக்கும் வெட்கமில்லை, விற்றவருக்கும் வெட்கமில்லை. வளையத்தைத் திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். இப்போது ஒழுங்காக நிற்கிறது. வேறு யாராவது என்றால் கடைக்கு ஓடியிருப்பார்கள்.

மார்ச் 14, சனி

சின்னவள் நாற்பது குறுக்குக்கட்டை கடைந்து முடித்துவிட்டாள். பொறுக்கி அளந்தேன். பதினைந்து புள்ளி ஏழு. பதினைந்து புள்ளி ஏழு. பதினைந்து புள்ளி ஆறு. நாற்பதில் ஒன்பதுதான் ஏதோ தேறியது, அதுவும் நான் கண்ணை மூடிக்கொண்டு விட்டதால். முப்பத்தியொன்று தள்ளுபடி.

"என் கட்டையில இறுக்கமாத்தானே போகுது" என்றாள். உன் கட்டையின் ஓட்டை தேய்ந்து பெருத்திருக்கும் என்றேன். பெருத்திருந்தால் தளர்வாகத்தானே போகும், இறுக்கமாக ஏன் போகிறது என்று கேட்டாள். எதிர்க்கேள்விக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஊசியைக் காட்டினேன். ஊசிக்கு முன்னால் என்ன பேசுவாள்?

தள்ளியது மறுபடி நல்லதோடு கலந்துவிடக் கூடாது என்று முப்பத்தியொன்றையும் நடுவில் அறுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாக. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு. கடைசி ஒன்று அறுந்து விழும்வரை நின்றாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 16, திங்கள்

ஓட்டைக் கட்டையை எடுத்து அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். இனிமேல் காலிப்பர்தான், ஒவ்வொன்றையும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்தது என்று சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்றாள். இந்த "சரிக்கா"வில் சரி எங்கே இருக்கிறது என்று ஐந்து வருஷமாகத் தேடுகிறேன்.

மார்ச் 18, புதன்

எண்பதும் ஆயிற்று. எல்லாம் பதினாறு, ஊசி அப்படியே நிற்கிறது. பார்த்தாயா, மனசு வைத்தால் முடிகிறது. இதை முதலிலேயே செய்திருந்தால் முப்பத்தியொரு கட்டை மிச்சம்.

மார்ச் 19, வியாழன்

நாசம்.

பொருத்த ஆரம்பித்தோம். முனை உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. பசை தடவி, சுத்தியலால் தட்டினேன். போகவில்லை. ஓங்கித் தட்டினேன். டப்பென்று கால் பிளந்தது. மேலிருந்து கீழ்வரை, விறகுபோல. இரண்டாவது முக்காலி, மறுபடி. ஏழு கால் போயிற்று. ஏழும் நானே பார்த்துப் பார்த்து இழைத்த கால்.

முனையை அளந்தால் பதினாறு. அப்புறம் ஏன்? இவள் என்னிடம் காட்டும்போது ஒன்று, காட்டிய பிறகு ஒன்று என்று கைவரிசை காட்டியிருப்பாளோ? வேண்டுமென்றே? ஃபாக்டரிக்குப் போகிறவளுக்கு இங்கே எது உடைந்தால் என்ன?

கேட்டேவிட்டேன். "நீங்க அளந்து தந்ததுதானே அக்கா" என்றாள். அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. அதுதான் எரிச்சல்.

மார்ச் 20, வெள்ளி

நூலகத்து அம்மா எட்டிப்பார்த்தார். வரிசையாகப் பிளந்த கால்கள் கிடக்கின்றன. என்ன ஆயிற்று என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவளுக்கு இன்னும் கை பழகலைங்க. நான் ஒவ்வொண்ணா நின்னு பார்க்க வேண்டியிருக்கு."

சின்னவள் ரெண்டடி தள்ளித்தான் நின்றாள். லேத்தை நிறுத்தினாள். கையைத் துடைத்தாள், விரல் விரலாக. அந்த அம்மாவைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு மாடி ஏறினாள். மத்தியானம் வரவில்லை.

சொன்னதில் என்ன தப்பு? பழகவில்லைதான். ஐந்து வருஷம் ஆனால் பழகிவிட்டதாக அர்த்தமா?

மார்ச் 21, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் ஒரு யோசனை. துளை பதினாறா என்று யாராவது பார்த்தார்களா? பிட் மாறியிருந்தால்? போன மாதம் புது பிட் வாங்கி வந்தது சின்னவள். எடுத்து அளந்தேன். பதினைந்து புள்ளி ஏழு. பிட் மேல் பதினாறு என்று பொறித்திருக்கிறது, ஊசி பதினைந்து புள்ளி ஏழு காட்டுகிறது. பட்டறையில் தனியாக நின்று சிரித்தேன். கிடைத்துவிட்டாள், கையும் களவுமாக. எதை வாங்குகிறோம் என்று பார்க்காமல் வாங்கி வந்திருக்கிறாள். அந்தக் கடைக்காரரும் தலையில் கட்டியிருக்கிறார்.

பிட்டையும் காலிப்பரையும் எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். கண்ணாடி மேஜை மேல் பிட்டை வைத்து, பதினாறு என்று எழுதிப் பதினைந்தே முக்கால்கூட இல்லாததை விற்கிறீர்களே, மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். இதனால் ஏழு கால் பிளந்தது என்றேன். குறைந்த விலைக்குக் கொடுத்தால் குறைந்த அளவுக்குத்தான் கொடுப்பீர்களா என்றேன். இன்னும் என்னென்னவோ.

அவர் தன்னுடைய காலிப்பரை எடுத்து அளந்தார். பதினாறு. என்னிடம் காட்டினார். அலமாரியிலிருந்து பிரிக்காத புது பிட் ஒன்றை எடுத்தார். அவருடையதில் பதினாறு. என்னுடையதில் பதினைந்து புள்ளி ஏழு.

என் காலிப்பரைக் கேட்டார். கொடுத்தேன். மூடி, வாசல் பக்கம் தூக்கிப் பிடித்தார். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. தாடைக்கு நடுவில் வெளிச்சம், கோடு போட்டதுபோல. தாடையின் அடியில் நகத்தால் சுரண்டினார். மஞ்சளாக ஒரு செதில் கண்ணாடி மேல் விழுந்தது. காய்ந்த பசை.

"கடையில இருந்ததை எல்லாம் வெளிச்சத்துல பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தீங்க. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருநாளாவது பார்த்தீங்களா?"

நாலு பேரில் ஒருவர் சிரித்தார்.

பசை நடுவில் இருப்பதால் தாடை முழுசாக மூடவில்லை. அதைத்தான் ஊசி சொல்லியிருக்கிறது. நான் வளையத்தைத் திருப்பி அதன் வாயை அடைத்திருக்கிறேன். அன்றிலிருந்து எதை அளந்தாலும் புள்ளி மூன்று குறைவு. அவள் சரியாகக் கடைந்ததைச் சின்னது என்றேன். அறுத்துப் போட்டேன். பெரிதாகக் கடைய வைத்தேன். பெரிதானதை அடித்து ஏற்றிக் காலைப் பிளந்தேன். பிளந்ததற்கு அவளைத் திட்டினேன். வெளி ஆள் முன்னால்.

முப்பத்தியொன்று. எல்லாம் நல்ல கட்டை.

மார்ச் 22, ஞாயிறு

சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? டயல் பழுது என்று சொல்லலாம். அது பொய் இல்லையே. பழுதாக்கியது யார் என்று அவள் கேட்கவா போகிறாள்?

மார்ச் 23, திங்கள்

அவள் எப்போதும்போல் எட்டரைக்கு இறங்கி வந்தாள். காலிப்பரை வெள்ளைத்துணியால் துடைத்து வைத்திருந்தேன். கடைந்து வைத்ததை அளந்தால் பதினாறு புள்ளி மூன்று. தெரிந்ததுதான். என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

மழை ஈரத்தில் மரம் ஊறிவிட்டது, கொஞ்சம் குறைத்துவிடு என்றேன்.

மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது. "சரிக்கா" என்றாள்.

வாய் எனக்கு எதற்கு இருக்கிறதோ. ஊரையே கிழிக்கும், தனக்கென்று வந்தால் ஊமை.

மார்ச் 24, செவ்வாய்

பிளந்த காலுக்குப் பதில் ஏழு புதிதாக இழைத்தேன். பெருத்த முனையை எல்லாம் அவள் குறைத்துத் தந்தாள். அளந்தேன். அத்தனையும் பதினாறு. ஒன்றுகூடத் தள்ளவில்லை. கைக்கு இதமாக உள்ளே போகிறது. அவள் நிற்கிறாள், நான் ஏதோ சொல்ல வேண்டும்போல. சொன்னேன்.

"பரவாயில்லையே, நல்லா தேறிட்டே."

சிரித்தாள். நான் இதை எழுதும்போது என் காதே எரிகிறது. தேறிட்டாளாம். மதிப்பெண் போட வந்துவிட்டாள் மகாராணி.

மார்ச் 27, வெள்ளி

இருபதும் கொண்டுபோய் இறக்கினோம். நூலகத்து அம்மா ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார், ஒன்றும் ஆடவில்லை. "அந்தப் பொண்ணுக்குக் கை பழகிடுச்சு போல" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். சின்னவள் அப்போது வாசலில் வண்டியிலிருந்து கயிறை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்காது.

கேட்டிருந்தால்?

மார்ச் 28, சனி

ஒன்றாம் தேதியிலிருந்து ஃபாக்டரிக்குப் போகிறாளாம். உளிகளைத் தீட்டி வரிசையாக மாட்டிவிட்டுச் சொன்னாள். லேத்தை இரண்டு பேர் காசில் வாங்கினோம். அவள் பங்கு எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். கோபமே இல்லாமல். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "நீ என்ன பண்ணே?" என்றார். எப்படி முதல் கேள்வியே அது? என்னைப் பார்த்து?

எல்லாவற்றையும் சொன்னேன். "அவகிட்ட சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். அவர் தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்தார்.

மார்ச் 29, ஞாயிறு

மத்தியானம் மாடிக்குப் போனேன். கொழுந்தன் வெளியே போயிருந்தான். சின்னவள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்காருங்க என்றாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும்.

"அந்த முப்பத்தியொண்ணும் நல்ல கட்டை. தப்பு என் காலிப்பர்ல. தாடையில பசை ஒட்டியிருந்தது, நான் பார்க்கலை. உன் மேல ஒரு தப்பும் இல்லை."

"தெரியும்க்கா."

ஒரு சட்டையை மடித்து முடித்தாள். மூலையோடு மூலை சேர்த்து, கையால் நீவி.

"நீங்க கடைக்குப் போன அன்னைக்கு சாயங்காலமே நானும் போனேன், உப்புத்தாள் வாங்க. கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

எட்டு நாள். எட்டு நாளாக இவளுக்குத் தெரியும். ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். திங்கக்கிழமை மரம் ஊறிடுச்சுன்னீங்க. சரி, நாளைக்குச் சொல்வாங்கன்னு நினைச்சேன். மறுநாள் தேறிட்டேன்னீங்க." அடுத்த துணியை எடுத்தாள். "அப்புறம்தான் ஃபாக்டரிக்குப் போன் பண்ணேன்."

அதுவரை பண்ணவில்லை. கட்டையை அறுத்தபோது பண்ணவில்லை. நூலகத்து அம்மா முன்னால் அப்படிச் சொன்னபோதுகூடப் பண்ணவில்லை.

மன்னித்துக்கொள் என்றேன். இந்த வார்த்தையை இவளிடம் இதற்கு முன் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை. "டீ போடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். படியில் பாதி இறங்கிய பிறகு, குடித்திருக்கலாமே என்று தோன்றியது. திரும்பிப் போக முடியவில்லை.

ஏப்ரல் 1, புதன்

காலை ஏழு இருபதுக்குப் போனாள். சாப்பாட்டுப் பையோடு. கொட்டகையைத் தாண்டும்போது உள்ளே பார்க்கவில்லை. நானும் அந்த நேரத்தில் மும்முரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே பெருக்கிய இடத்தை.

ஏப்ரல் 2, வியாழன்

நூலகத்துக்குப் போனேன். அன்றைக்கு நான் சொன்னது பொய், அவள் கை என் கையைவிட நல்ல கை, தப்பெல்லாம் என்னுடையது என்று மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியா சொன்னீங்க? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார்.

யாருக்காக அவளைக் கீழே தள்ளினேனோ, அவருக்கு ஞாபகமே இல்லை. போன வாரம் கை பழகிடுச்சு என்று தானே சொன்னதுகூட மறந்துவிட்டது.

இன்னும் எட்டு முக்காலி வேண்டுமாம். குழந்தைகள் உட்காரச் சண்டை போடுகிறார்களாம். செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் லேத் நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

எட்டு முக்காலிக்கு முப்பத்திரண்டு குறுக்குக்கட்டை. இன்று ஒன்று கடைந்தேன். பாதியில் உளி கடித்து, கட்டை பறந்து தகரத்தில் மோதியது. இரண்டாவது, பென்சில்போல் இளைத்துவிட்டது. மூன்றாவதைப் பற்றி எழுதுவதற்கில்லை. இவள் இதை ஐந்து வருஷம் செய்தாள், நான் பக்கத்தில் நின்று குறை சொன்னேன்.

ஏப்ரல் 13, திங்கள்

ஆறு தேறியது. பதினாறு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் வந்தால்தான் எடுத்துக்கொள்கிறேன். அவளுக்கு வைத்த சட்டம் எனக்கும். அதிலும் எனக்கு ஒரு கர்வம் இருக்கிறது பார், வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஏப்ரல் 17, வெள்ளி

இரண்டு குவியல். இந்தப் பக்கம் தேறியது பதினான்கு. அந்தப் பக்கம் தள்ளியது, எண்ணவில்லை, இடுப்பளவு. இன்னும் பதினெட்டு வேண்டும். முதுகு விட்டுப்போயிற்று. சாயங்காலம் ஐந்தரை இருக்கும், லேத்தை நிறுத்திவிட்டுத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பஸ் வந்த சத்தம் கேட்டது. வழக்கமாக அவள் நேரே படிக்குப் போய்விடுவாள். இன்று கொட்டகை வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாளோ என்று.

உள்ளே வந்தாள். தோளில் பை அப்படியே இருக்க, தள்ளிய குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்தாள். முனையை விரலால் சுற்றித் தடவினாள். கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு உருட்டு. தேறிய குவியலில் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், தடவினாள், திரும்ப அதே இடத்தில் போட்டாள். மூன்றாவது, தேறியதில். இப்படியே, அவசரம் இல்லாமல். ஃபாக்டரியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "நல்லதையும் தள்ளியிருக்கீங்க" என்றாள். மாடி ஏறிப் போனாள்.

எண்ணிப் பார்த்தேன். பதினொன்றை மாற்றி வைத்திருக்கிறாள். காலிப்பர் பெஞ்சின் மேலேதான் இருந்தது, கை எட்டும் தூரத்தில். பசை டப்பாவைத் திறந்தேன். அந்தப் பதினொன்றையும் அளக்காமல் பொருத்தினேன்.